கடவுள் காபி குடித்தால்: கேள்வி பதில்

கடவுளே பாத்திரமாக வரும் கதைகளைப் பற்றிப் பலரும் கேட்டிருந்தீர்கள். நான் முப்பது வருஷம் தமிழ் வாத்தியாராக இருந்தவன். இந்தக் கதைகளை வகுப்பில் நடத்தித் திட்டு வாங்கிய அனுபவமும் உண்டு.

கேள்வி: தினமும் கோயிலுக்குப் போகிறவள் நான். இந்த மாதிரிக் கதைகளைப் படித்தால் பக்தி குறைந்துவிடாதா சார்?

எனக்குக் குறையவில்லை அம்மா. கடவுளோடு வைத்திருந்த வரவு செலவுக் கணக்குதான் கிழிந்தது. இத்தனை விளக்கு போட்டால் இன்னது நடக்கும் என்கிற கணக்கு.

சுந்தரரைப் பாருங்கள். இரண்டு கண்ணும் போய், காஞ்சியில் ஒன்று மட்டும் திரும்பக் கிடைத்து, திருவாரூரில் வந்து நிற்கிறார். 'அடியார்கள் தங்கள் கஷ்டத்தைச் சொன்னாலும் பேசாமல் இருக்கிறீரே, நன்றாக வாழ்ந்து போம்' என்று சிவனிடமே எரிந்து விழுகிறார். அந்தப் பதிகத்தை ஓதுவார்கள் இன்றும் சந்நிதியில் பாடுகிறார்கள். யாருடைய பக்தியும் குறைந்ததாகத் தெரியவில்லை.

கேள்வி: எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

சந்தேகமே வேண்டாம், புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்'. 1943இல் வந்தது. பிராட்வே முனையில் நிற்கும் கந்தசாமிப் பிள்ளையிடம் கடவுள் வந்து திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். இருவரும் ஹோட்டலில் காபி குடிக்கிறார்கள். பிள்ளை அசரவே இல்லை. தன் வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா கேட்கிறார்.

புராணத்தில் கடவுள் வேஷம் போட்டு வந்து மனிதனைச் சோதிப்பார். இங்கே சோதனை அவருக்கு. பூலோகத்தில் தங்கினால் பிழைக்க வேண்டுமே? தெரிந்த தொழில் கூத்து. புலித்தோலும் பாம்புமாக ஆடிக் காட்டினால், வாய்ப்புத் தர வேண்டிய பெரிய மனிதர் இதெல்லாம் கலையே இல்லை என்கிறார். நிஜப் பாம்பு எதற்கு, பாம்பு மாதிரி நகை போதும். புலித்தோல் எதற்கு, புலித்தோல் மாதிரி பட்டு போதும்!

கல்லூரி நாளில் இந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தேன். வேலை தேடி அலைந்த வருஷம் மறுபடி படித்தபோது சிரிப்பு வரவில்லை. அதற்கப்புறம் ரொம்ப நாள் கழித்துத்தான், அந்தப் பெரிய மனிதர் நான்தானோ என்று தோன்றியது. நமக்கும் 'மாதிரி'தானே வேண்டியிருக்கிறது? எட்ட நின்று வரம் தருகிற வரைக்கும் சாமி. பக்கத்துப் பாயில் வந்து படுத்தால் தாங்க மாட்டோம்.

கேள்வி: அகலிகையை வைத்துப் புதுமைப்பித்தன் எழுதிய கதை ராமரை அவமதிக்கிறது என்கிறார்களே?

'சாபவிமோசனம்'. கதை நடப்பது அகலிகை மனசுக்குள். தன்னைக் கல்லிலிருந்து மீட்ட ராமன், சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்று சீதை வாயாலேயே கேட்கிறாள். 'அவன் கேட்டானா?' என்கிறாள். கடைசியில் மறுபடியும் கல்லாகிவிடுகிறாள். ராமனை நம்பாதவளுக்கு இந்த அதிர்ச்சியே கிடையாது. அவமதிப்பு என்பவர்கள் இதையும் சேர்த்து யோசிக்கட்டும்.

கேள்வி: நாங்கள் கிறிஸ்தவர்கள். எங்களுக்கு ஏதாவது?

ஜப்பானிய எழுத்தாளர் எண்டோ ஷுசாகு 1966இல் எழுதிய 'மௌனம்' நாவல். அவரும் கத்தோலிக்கர்தான். பதினேழாம் நூற்றாண்டு ஜப்பான். கிறிஸ்தவர்களை வேட்டையாடும் காலம். இயேசு உருவம் பதித்த தகட்டை மிதித்தால் விசுவாசத்தைக் கைவிட்டதாக அர்த்தம். பாதிரியார் மிதிக்காவிட்டால் வதைபடப்போவது அவர் அல்ல, ஏழைக் குடியானவர்கள். அவருக்குத் தன் உயிர் பெரிதல்ல. 'நான் தியாகி' என்கிற பெருமையையே விட வேண்டியிருக்கிறது. அதுதான் கஷ்டம். நாவல் வந்த புதிதில் அங்கே சில கத்தோலிக்கர்களே கோபித்துக்கொண்டார்கள். ஒரே மூச்சில் படிக்காதீர்கள், நெஞ்சை அடைக்கும்.

கேள்வி: அப்படியானால் நாத்திகக் கதைகள்தானே இன்னும் கூர்மையாக இருக்கும்?

எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடவுள் இல்லை என்று முதல் வரியிலேயே முடிவு கட்டிய கதையும், ஸ்தல புராணம் மாதிரி எழுதிய கதையும் எனக்கு ஒன்றுதான். இரண்டுக்கும் விடை முன்னாலேயே தெரியும். ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கி ஆழ்ந்த விசுவாசி. ஆனால் அவருடைய 'கரமசோவ் சகோதரர்கள்' நாவலில் குழந்தைகள் படும் வேதனையைக் காட்டி, கடவுளின் ஏற்பாட்டையே ஏற்க மறுக்கிறான் இவான். அவன் வாதத்தை அவர் துளியும் பலவீனப்படுத்தவில்லை. எதிர்க்கட்சி வக்கீலுக்கு நல்ல ஃபீஸ் கொடுத்து வைத்த மாதிரி.

கேள்வி: பத்தாவது படிக்கும் பையனிடம் கொடுக்கலாமா?

கந்தசாமிப் பிள்ளையைத் தாராளமாகக் கொடுங்கள். எண்டோ கொஞ்ச வருஷம் போகட்டும்.