ஈமேக்ஸில் லிங்குகளுக்காக மோதும் இரண்டு பேக்கேஜ்களில் எதை நீக்குவது?

எதையும் நீக்க வேண்டாம். ஈமேக்ஸ் என்ற உரைத் தொகுப்பானில், குறிப்புகளும் அட்டவணைகளும் எழுத உதவும் ஆர்க் மோடு கோப்பில் லிங்கின் மேல் கர்சரை வைத்து விசையை அழுத்தினால், ஆர்க்கின் வேலையை இன்னொரு பேக்கேஜ் பறித்துக்கொள்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக, எல்லா இடத்துக்கும் பொதுவாக விசையை அமைக்கும் குளோபல் செட் கீ கொண்டு அந்த விசையை மாற்றிப் பார்த்து, அதுவும் பலிக்காமல் போயிருக்கும். பலிக்காது, ஏனென்றால், அழுத்திய விசைக்குரிய கட்டளையைத் தேடும்போது ஈமேக்ஸ் பொதுவான கீமேப்பை, அதாவது எந்த விசைக்கு எந்தக் கட்டளை என்ற பட்டியலை, கடைசியாகத்தான் பார்க்கிறது. கர்சர் இருக்கும் எழுத்தின் மேல் ஓவர்லேயாக, அதாவது உரையை மாற்றாமல் அதன் ஒரு பகுதி மேல் போர்த்திய அடுக்காக, ஒட்டியிருக்கும் கீமேப் முதலில் வரும். அதற்குப் பிறகு கூடுதல் வசதிகளாகச் சேரும் மைனர் மோடுகள், அவற்றுக்கும் பிறகு கோப்பின் வகையைத் தீர்மானிக்கும் ஆர்க் போன்ற மேஜர் மோடு.

நான் இணைய முகவரிகளை ஓர் ஆர்க் அட்டவணையில் தொகுத்து வருகிறேன். ஒரு வரிசைக்குக் கீழே கோடு போட, கன்ட்ரோல் சி அழுத்தி என்டர் அழுத்துவது வழக்கம். சாதாரண உரைக் கோப்புகளில் வரும் முகவரிகளைத் திறப்பதற்காக கோட்டோ அட்ரஸ் மோடை டெக்ஸ்ட் மோடு ஹூக்கில் (அந்த மோடு தொடங்கும்போது தானாக ஓடுபவற்றின் பட்டியலில்) சேர்த்த நாளிலிருந்து, கர்சர் முகவரியின் மேல் இருந்தால் கோடு விழாமல் பிரவுசர் திறந்தது. பக்கத்துக் கட்டத்துக்கு நகர்ந்து அதையே அழுத்தினால் கோடு ஒழுங்காக விழுந்தது. உதவி கேட்ட இடத்தில் எல்லோரும் ஒரே குரலில் “ஒன்றை நீக்கிவிடுங்கள்” என்றார்கள். எந்த விசை யாரிடம் போகிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான். வேலை செய்யும் ஒரு கருவியைக் காரணம் தெரியாமல் நீக்குவதை நான் தீர்வாக ஏற்கவில்லை.

கர்சரை லிங்கின் மேல் வைத்து ஒரு விசை எந்தக் கட்டளையை இயக்கும் என்று காட்டும் கன்ட்ரோல் எச், கே அழுத்தி, சிக்கல் தரும் விசையைக் கொடுத்தேன். பிறகு லிங்கை விட்டு விலகி அதையே செய்தேன். இரண்டு இடங்களிலும் வெவ்வேறு கட்டளைகளின் பெயர்கள் வந்தன. அப்படி வந்தால் பெரும்பாலும் ஓவர்லேதான் காரணம். கன்ட்ரோல் யூ, கன்ட்ரோல் எக்ஸ், சமக்குறி என்று அழுத்தினால் அந்த எழுத்தின் மேல் உள்ள ஓவர்லேயின் விவரம் தெரியும். எனக்கு கோட்டோ அட்ரஸ் அங்கே வெளிப்பட்டது. ஆர்க், அவுட்லைன் மோடின் வழியாக டெக்ஸ்ட் மோடிலிருந்து பிறந்தது என்பதால், டெக்ஸ்ட் மோடு ஹூக்கில் சேர்ப்பதெல்லாம் ஆர்க்கிலும் ஓடும். ஆனால் தாய் மோடின் ஹூக் முதலிலும் ஆர்க்கின் ஹூக் பிறகும் ஓடுவதால், ஆர்க் ஹூக்கில் கோட்டோ அட்ரஸ் மோடை -1 என்ற மதிப்புடன் அழைத்து அங்கே மட்டும் அணைத்துவிட்டேன். மற்ற உரைக் கோப்புகளில் அது இன்றும் வேலை செய்கிறது. எல்லாவற்றையும் மீறும் கீமேப்பில் விசையைப் பூட்டிவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். அது தவறு என்று சொல்லமாட்டேன், ஆனால் அடுத்த மோதலை அது கண்ணில் படாமல் மறைத்துவிடும்.

உங்களுடைய இரண்டாவது பேக்கேஜ், உரையில் உள்ள லிங்குகளையும் பட்டன்களையும் இயக்கும் ஹைபர்போல் என்றால், மோதல் மெட்டா என்டரில் (பெரும்பாலும் ஆல்ட் விசையோடு என்டர்) இருக்கும். ஆர்க்குக்கென்றே அதில் ஒரு மாறி உண்டு. ஸ்மார்ட் விசை (ஹைபர்போல் மெட்டா என்டருக்குத் தரும் வேலை) லிங்குகள், பட்டன்கள் மேல் மட்டும் இயங்கும்படி அதில் அமைத்தால், மற்ற இடங்களில் ஆர்க்கின் மெட்டா என்டர் திரும்பக் கிடைக்கும்.

லிங்கின் மேலும் வெளியிலும் ஒரே கட்டளையின் பெயர் வந்து, அது ஆர்க்குடையதாக இல்லையென்றால், இயங்கும் மைனர் மோடுகளைப் பாருங்கள். இரண்டு மைனர் மோடுகள் ஒரே விசையைக் கேட்டால், பொதுவாகப் பின்னால் ஏற்றப்பட்டதன் கீமேப்தான் முதலில் பார்க்கப்படும். ஆகவே ஈமேக்ஸ் தொடங்கும்போது படிக்கும் இனிட் கோப்பில் ஏற்றும் வரிசையை மாற்றிப் பாருங்கள், அல்லது அந்த மோடின் கீமேப்பிலிருந்து அந்த ஒரு விசையை மட்டும் எடுத்துவிடுங்கள்.