காய்ச்சலுக்குப் பின் கோல் வாசலில்

வணக்கம் அண்ணா,

நான் திருகோணமலை அன்புவழிபுரம் பக்கம். வயது 27. ஒரு இரும்புக்கடையில் வேலை. ஒன்பது வருசமாக எங்கள் கழகத்துக்கு நான்தான் கோல் கீப்பர். இந்த ஜனவரித் தொடக்கத்தில் டெங்கு வந்து எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பிளேட்லட் நன்றாக இறங்கி, பிறகு ஏறியது. வீட்டுக்கு வந்து மூன்றாம் கிழமை பயிற்சிக்குப் போனேன். ஐந்தாம் கிழமை ஒரு சிநேகபூர்வ மட்ச் ஆடி நாலு கோல் விட்டேன். அதில் இரண்டு, முன்பென்றால் சும்மா பிடித்திருப்பேன். "இவனுக்குக் கை போயிட்டுது" என்று வெளியே நின்ற ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் பொடியன்களைக் கூப்பிட்டு ஐம்பது பெனால்டி அடிக்கச் சொல்லிப் பழகுகிறேன். முன்னேற்றம் தெரியவில்லை. அடுத்த நாள் கடையில் நிற்கவே களைப்பாக இருக்கிறது. இன்னும் ஆறு கிழமையில், சித்திரை வருசத்தை ஒட்டி, சுற்றுப்போட்டி. இரண்டாவது கீப்பராக இருக்கும் தம்பிக்கு வயது 17. நல்ல திறமை, அனுபவம் இல்லை. நீங்களும் ஒரு காலத்தில் கீப்பராக நின்றவர் என்று எழுதியிருந்தீர்கள். பழைய கூர்மை திரும்பி வருமா?

(பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

வரும். ஆனால் இப்போது பழகுகிற வழியில் வராது. அந்த ஐம்பது பெனால்டியை இன்றைக்கே நிறுத்துங்கள்.

பெனால்டிப் புள்ளி கோல் கோட்டிலிருந்து 11 மீற்றர். மணிக்கு 90 கிலோமீற்றர் வேகத்தில் அடித்தால் பந்து கோட்டுக்கு வர 0.44 செக்கன். கண் பார்த்து, உடம்பு அசையத் தொடங்கவே ஏறக்குறைய 0.2 செக்கன் போய்விடும். மிச்ச நேரத்தில் கம்பத்தின் ஓரம்வரை பாய்ந்து சேர முடியாது. அதனால்தான் பெனால்டிக்குக் கீப்பர் பெரும்பாலும் ஊகித்து, முந்திக்கொண்டு பாய்கிறார். நீங்கள் பின்னேரம் பின்னேரமாகப் பழகியது ஊகிப்பதைத்தான். அதோடு, நோயிலிருந்து எழும்பிய உடம்பை ஐம்பது தரம் நிலத்தில் போட்டிருக்கிறீர்கள். அடுத்த நாள் களைக்காமல் என்ன செய்யும்?

அந்த இரண்டு கோலையும் ஒரு தரம் நிதானமாக நினைத்துப் பாருங்கள். அடி விழுந்த கணத்தில் உங்கள் கால்கள் என்ன செய்துகொண்டிருந்தன? நிலத்தில் ஊன்றி நின்றனவா, இல்லை இன்னும் நகர்ந்துகொண்டிருந்தனவா? நான் அந்த மட்சைப் பார்க்கவில்லை. ஆனாலும் நகர்ந்துகொண்டுதான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு கால் தூக்கியபடி இருக்கும்போது அடி வந்தால் உலகத்தின் எந்தக் கீப்பரும் பிந்தித்தான் பாய்வார். வெளியில் நிற்பவருக்குப் பந்தைத் தொடாத கை மட்டும் தெரியும். அதற்கு அரைச் செக்கனுக்கு முன்னால் வந்து சேராத கால் தெரியாது.

திருகோணமலைக் கோட்டைக்குள் இருக்கும் புள்ளிமான்களை நீங்கள் சின்ன வயதிலிருந்தே பார்த்து வளர்ந்திருப்பீர்கள். கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு சத்தம் கேட்டால் மான் உடனே ஓடாது. தலையைத் தூக்கும், நாலு காலும் நிலத்தில் ஊன்றும், ஒரு கணம் அசையாமல் நிற்கும். அப்புறம் எந்தப் பக்கமும் பாயும். அந்த அசையாத கணம்தான் கீப்பரின் கூர்மை. அடிப்பவன் காலைப் பின்னால் எடுக்கும்போது நீங்கள் இடத்துக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். தோள் அகலத்துக்குக் கால், பாரம் முன்பாதத்தில், கை இடுப்புக்கு முன்னால், எல்லாம் நின்றிருக்க வேண்டும்.

நீண்ட நாள் படுத்துக் கிடந்தால் தசையின் பலம் குறையும், கால் தசைகளுக்குத்தான் அது கூடுதல். கை எப்படியும் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். கால் அப்படி இல்லை. முன்பு இரண்டு எட்டில் சேர்ந்த இடத்துக்கு இப்போது இரண்டரை எட்டு வேண்டியிருக்கிறது. உங்கள் மனம் இன்னும் பழைய கணக்கில்தான் இருக்கிறது.

அந்த அரை எட்டு எவ்வளவு பெரிது என்று பாருங்கள். கோலின் அகலம் 7.32 மீற்றர். பெனால்டிப் பெட்டியின் விளிம்பில், 16.5 மீற்றரில், நேர் நடுவிலிருந்து ஒருவன் அடிக்கிறான் என்று வைப்போம். கோட்டிலேயே நின்றால் ஒவ்வொரு பக்கமும் 3.66 மீற்றர் காக்க வேண்டும். மூன்று மீற்றர் முன்னால் வந்து நின்றால் பக்கத்துக்கு 3 மீற்றர்தான். அறுபத்தைந்து சென்ரிமீற்றருக்கு மேல் மிச்சம், பாயாமலே கிடைத்தது. காய்ச்சலுக்குப் பிறகு கீப்பர்கள் கோட்டோடு ஒட்டிக்கொள்வார்கள். முன்னால் வர உடம்பு தயங்கும், தலைக்கு மேலால் போய்விடுமோ என்று பயமும் வரும். எனக்கு அப்படித்தான் வந்தது.

அது 1990களின் நடுப்பகுதி. அப்போது எங்கள் பக்கத்தில் மலேரியா சாதாரண விசயம். இலங்கையை மலேரியா இல்லாத நாடாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2016இல்தான். குளோரோகுயின் குளிசை போட்டுக் காய்ச்சல் விட்ட பத்தாம் நாள் நான் மைதானத்தில் நின்றேன். காலம் சரியில்லாத நாட்கள், இருட்டுமுன் வீடு சேர வேண்டும், மட்ச் கிடைப்பதே அரிது. அதனால் விட மனம் வரவில்லை. நடுக்கோட்டைத் தாண்டி ஒரு நீளமான பந்து வந்தது. என்னுடைய பந்து, நான் ஓடிப்போய் எடுக்க வேண்டியது. வரவா நிற்கவா என்று யோசித்தேன். யோசித்து முடிய பந்து வலைக்குள் இருந்தது. என் பின்காப்பாளர் ஓடி வந்து, "என்ர பிழை மச்சான்" என்றான். அவனுடைய பிழை இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். இருபத்தைந்து வருசத்துக்கு மேலாகியும் அந்தக் குரல் எனக்குக் கேட்கிறது. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சரி, என்ன செய்வது? முதலில் வைத்தியரிடம் போங்கள். வீட்டுக்கு அனுப்பியபோது பார்த்த இரத்தப் பரிசோதனையோடு நிற்காமல் இப்போது ஒன்று செய்யுங்கள். கீப்பர் முழங்காலும் பூட்ஸும் மோதும் இடத்தில் நிற்கிறவர், இரத்தத்தை உறைய வைக்கிற குருதிச் சிறுதட்டுகள் (பிளேட்லட்) ஒழுங்காக இருப்பது தெரிய வேண்டும். டெங்கு சிலருக்கு இதயத் தசையையும் தொட்டுவிட்டுப் போகும். ஓடும்போது நெஞ்சு நோவு, படபடப்பு, தலைச்சுற்று, வழக்கமில்லாத மூச்சுவாங்கல் இதில் ஏதாவது இருந்தால் அன்றோடு ஓட்டத்தை நிறுத்திவிட்டு அதை வைத்தியரிடம் சொல்லுங்கள். கண்ணைப் பற்றியும் கேளுங்கள். அரிதாக டெங்கு விழித்திரையைப் பாதித்துப் பார்வையின் நடுவில் மங்கல் உண்டாக்கும். பந்து கையருகே வரும்போது தெளிவில்லாமல் இருக்கிறதென்றால் அது பயிற்சியால் சரியாகிற விசயம் இல்லை.

காலையில் கட்டிலை விட்டு எழும்ப முன் நாடித்துடிப்பை ஒரு நிமிடம் எண்ணி ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஒரு கிழமையில் உங்களுடைய வழக்கமான எண் தெரிந்துவிடும். ஒரு நாள் அதைவிடப் பத்துக் கூட இருந்தால் அன்றைக்குப் பயிற்சி வேண்டாம். கடையில் சீமெந்துப் பை தூக்குகிற ஆள் நீங்கள் என்றால் அந்த வேலையும் உடம்பின் கணக்கில் சேரும்.

வைத்தியர் சரி என்றால், முதல் இரண்டு கிழமை டைவ் அடிக்கவே வேண்டாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள், பேச முடிகிற வேகத்தில் இருபது நிமிட ஓட்டம். மற்ற நாளில் ஒரு சுவரும் டெனிஸ் பந்தும் போதும். மூன்று மீற்றரில் நின்று எறிந்து பிடியுங்கள். ஒவ்வொரு எறிக்கும் ஒரு சின்ன எட்டு வைத்து, பந்து சுவரில் படும் கணத்தில் இரண்டு காலும் நிலத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பிடித்தீர்களா விட்டீர்களா என்பதை எண்ண வேண்டாம், கால் நின்றதா என்பதை மட்டும் எண்ணுங்கள். இருபதில் பதினெட்டு தரம் நின்றால் தூரத்தை மாற்றலாம்.

மூன்றாம் கிழமை விழப் பழகலாம். அதற்கு டச்சுக் குடாக் கடற்கரை மணல் நல்லது. முதலில் முழங்காலில் இருந்து, பிறகு குந்தியிருந்து, கடைசியில் நின்றபடி. தாழ்வான பந்துகள் மட்டும், தொடையும் இடுப்பும் தோளும் வரிசையாக நிலத்தைத் தொடுகிற மாதிரி. ஆனால் கால் வேலையை மணலில் பழகாதீர்கள். மணல் காலை உள்ளே இழுக்கும், உந்துகிற நேரம் மாறிப்போகும், மைதானத்தில் அந்தப் பழக்கம் உங்களை இன்னும் பிந்த வைக்கும். கால் வேலைக்குக் காய்ந்த தரைதான் வேண்டும்.

கால் வேலை என்றவுடன் பழைய டயர் அடுக்குவோம் இல்லையா, அதில் மழைத்தண்ணீர் தேங்கிக் கிடக்கிறதா என்று பாருங்கள். டெங்கு நுளம்பு முட்டையிட அதைவிட வசதியான இடம் இல்லை. அது கூடுதலாகக் கடிப்பதும் காலையிலும் பின்னேரத்திலும்தான், நாங்கள் விளையாடுகிற நேரம். டெங்கு வைரசில் நாலு வகை இருக்கிறது. ஒன்று வந்து போனவருக்கு இன்னொன்று வந்தால் கடுமையாகும் ஆபத்துக் கூட. அந்த டயர்களை நீங்களே போய்க் கவிழ்த்துவிடுங்கள்.

நாலாம் கிழமை, ஐந்துக்கு ஐந்து சின்ன ஆட்டங்களில் நில்லுங்கள். பந்து அடிக்கடி வரும், தூரம் குறைவு, யோசிக்க நேரம் இல்லை. கூர்மை உண்மையில் திரும்புவது இங்கேதான், ஏனென்றால் அடி எங்கிருந்து வரும் என்று யாரும் உங்களுக்குச் சொல்லிவைக்கவில்லை. பக்கவாட்டிலிருந்து கோலுக்கு முன்னால் உயரமாக வரும் க்ரொஸ் பந்துகளைக் கடைசிக்கு வையுங்கள். அதற்குக் கால், கண், துணிவு மூன்றும் ஒரே நேரத்தில் வேண்டும். ஒரு க்ரொஸுக்கு வெளியே வரத் தீர்மானித்தால், பிழையென்றாலும் முழுதாகப் போங்கள். பாதி வழியில் நிற்கிற கீப்பர் கோலையும் விட்டார், பந்தையும் விட்டார்.

அப்புறம் குரல். நோய்க்குப் பிறகு கீப்பர்கள் அமைதியாகிவிடுகிறார்கள், இதைப் பல பேரிடம் பார்த்திருக்கிறேன். முதலில் மூச்சு இல்லை, பிறகு கோல் விட்ட வெட்கம், அதற்குப் பிறகு அதுவே பழக்கம். ஆனால் "இடது, இடது", "ஆளைப் பிடி", "என்ர பந்து" என்று கத்திக்கொண்டிருக்கும் கீப்பர் ஒவ்வொரு நிமிடமும் ஆட்டத்தை வாசித்துக்கொண்டிருக்கிறார். பந்து மறுபாதியில் கிடக்கும்போதும் அவர் கால் நகர்கிறது. கத்தாதவர் பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பார், பந்து வரும்போது திடுக்கிடுவார். முதல் நாள் சுவர்ப் பயிற்சியிலேயே குரல் கொடுக்கத் தொடங்குங்கள். பக்கத்து வீட்டார் என்ன நினைத்தாலும் பரவாயில்லை.

இனி அந்தப் பதினேழு வயதுத் தம்பி. 1970 உலகக் கிண்ணத்தில், ஜூன் 7, இங்கிலாந்தின் கோர்டன் பாங்க்ஸ் பெலே தலையால் அடித்த பந்தைக் கீழே பாய்ந்து மேலால் தட்டிவிட்டார். இன்றைக்கும் அதைப் பற்றிக் கதைக்கிறார்கள். சரியாக ஒரு கிழமை கழித்து, மேற்கு ஜெர்மனியோடு காலிறுதி. பாங்க்ஸுக்கு வயிற்றுக் கோளாறு. காலையில் மெதுவாகச் சோதித்துப் பார்த்தபோது சமாளிக்கலாம் போல இருந்தது, பிறகு திரும்பவும் முடியாமல் போனது. அந்த உலகக் கிண்ணத்தில் அதுவரை ஒரு ஆட்டமும் ஆடாத பீட்டர் பொனெட்டி திடீரென்று கோலுக்குள் நின்றார். 2–0 என்று முன்னால் இருந்த இங்கிலாந்து 3–2 என்று தோற்றது. பழி பொனெட்டியின் தலையில் விழுந்தது. அது எனக்கு இன்றும் நியாயமாகப் படவில்லை.

அதனால் தம்பி, உங்கள் அணித் தலைவரிடம் இப்போதே கதையுங்கள். சுற்றுப்போட்டிக்கு முன் வருகிற சிநேகபூர்வ மட்ச்களில் முதல் பாதி அந்தப் பிள்ளைக்கு, இரண்டாம் பாதி உங்களுக்கு. நீங்கள் ஓய்வெடுக்கும் பாதியில் கோலுக்குப் பின்னால் நின்று அவனுடைய கால்களைப் பாருங்கள். அடி விழும் கணத்தில் அவன் நிற்கிறானா, நகர்கிறானா என்று சொல்லிக் கொடுங்கள். இன்னொருவனுக்குச் சொல்லும்போது உங்கள் கண்ணுக்கும் அது பழகும். சித்திரையில் வெயில் எங்களுக்கு நேர் தலைக்கு மேல் நிற்கும், சுற்றுப்போட்டியில் ஒரே நாளில் இரண்டு மட்ச் வந்தாலும் வரும். இரண்டு கீப்பர்கள் தயாராக இருக்கிற கழகத்துக்கு அது பெரிய பலம். தண்ணீர்ப் போத்தலோடு, தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற ஜீவனி உப்புத்தூள் பக்கெட்டும் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு கிழமை முடியும்போது பழைய கீப்பர் முழுதாக வந்திருப்பார் என்று என்னால் சொல்ல முடியாது. எனக்கு மூன்று மாதம் எடுத்தது, நான் அவசரப்பட்டதால் அது நாலானது. நீங்கள் என்னைவிட நல்ல இடத்திலிருந்து தொடங்குகிறீர்கள். இரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். போட்டி எந்த மைதானத்தில் என்றும் சொல்லுங்கள், ஏகாம்பரம் மைதானம் என்றால் நடந்தே வந்துவிடுவேன். அடி விழும்போது நான் பந்தைப் பார்க்க மாட்டேன், உங்கள் காலைத்தான் பார்ப்பேன்.

அன்புடன்,
அண்ணன்