வாரம் 40 நிமிடம் – கடிதமும் பதிலும்

வணக்கம்.

செவித்திறன் குறைந்த மாணவர்களுக்கான சிறப்பாசிரியராக அண்மையில் பணியில் சேர்ந்தேன். பொதுப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளைப் பள்ளி பள்ளியாகப் போய்ப் பார்க்கும் வேலை. ஒரு பிள்ளைக்கு வாரம் 40 நிமிடம் கிடைக்கிறது. விட்டுப்போன பாடங்களைச் சொல்லித் தருவதிலேயே அது தீர்ந்துபோகிறது. நான்காம் வகுப்பில் ஒரு பையன், இரண்டு காதிலும் மெஷின் போட்டிருக்கிறான். "கூப்பிட்டால் திரும்புகிறான், நன்றாகத்தான் கேட்கிறது, கவனம்தான் இல்லை" என்கிறார் வகுப்பாசிரியர். ஆனால் டிக்டேஷனில் பாதிக்கு மேல் தப்பு. எதில் தொடங்குவது? அவனைத் தனியே அழைத்துப் போவதா, வகுப்பிலேயே உடனிருப்பதா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அந்த 40 நிமிடத்தில் பழைய பாடம் நடத்துவதை முதலில் நிறுத்துங்கள். அதைச் செய்துகொண்டிருக்கும்வரை பாடம் ஏன் விட்டுப்போகிறது என்று பார்க்க உங்களுக்கு நேரமே வராது. மிச்ச வாரம் முழுக்க அவன் வகுப்பாசிரியரின் குரலை நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறான். அந்தக் குரல் அவன் காதுக்குப் போய்ச் சேருகிறதா என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

போனதும் மெஷினைக் கையில் வாங்குங்கள். பையில் நான்கு பொருள் போதும்: பேட்டரி டெஸ்டர், மெஷினின் ஒலியை நீங்களே கேட்டுப்பார்க்கும் ஸ்டெதோகிளிப், காற்றடிக்கும் சிறு ரப்பர் பல்பு, மெல்லிய தூரிகை. மெஷினில் போடும், காற்றுப் பட்டு இயங்கும் ஜிங்க்-ஏர் பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாக மங்காது, கடைசிவரை ஓடிச் சட்டென்று நின்றுவிடும். டெஸ்டரில் 1.2 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் மாற்றிவிடுங்கள். புதியதன் ஸ்டிக்கரைப் பிரித்ததும் உள்ளே போட்டு மூடாதீர்கள், காற்றுப் புக ஒரு நிமிடமாவது வெளியே வையுங்கள். காதுக்குள் பொருந்தும் அச்சான மோல்டையும் மெஷினையும் இணைக்கும் குழாயில் நீர்த்துளி நின்றால் ஒலி விட்டுவிட்டு வரும். மோல்டைக் கழற்றி, பல்பால் ஊதுங்கள். கழுவுவது மோல்டை மட்டும். மெஷின் மீது தண்ணீர் படக் கூடாது.

மெஷின் விசிலடித்தால் பெரும்பாலும் மோல்டு காதில் சரியாக உட்காரவில்லை, அல்லது காது வளர்ந்து மோல்டு சின்னதாகிவிட்டது, அல்லது அழுக்கு அடைத்திருக்கிறது. பல வகுப்புகளில் விசில் பொறுக்காமல் வால்யூமைக் குறைத்துவிடுகிறார்கள். விசில் நிற்கும், கூடவே பாடமும் நின்றுபோகும். மோல்டு சின்னதாகியிருந்தால் புது மோல்டுக்கு எழுதிக் கொடுப்பதுதான் தீர்வு.

அடுத்து, செவித்திறன் குறைந்த பிள்ளைகளின் கல்வியில் பணியாற்றிய டேனியல் லிங் வகுத்த ஆறு ஒலிச் சோதனை. ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். பேச்சின் தாழ்ந்த அலைவரிசையிலிருந்து உயர்ந்தது வரை இந்த ஆறுக்குள் அடங்கிவிடும். அவன் உங்கள் உதட்டைப் பார்க்காதபடி பின்னாலோ பக்கவாட்டிலோ நின்று, இயல்பான குரலில் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், அவன் திருப்பிச் சொல்ல வேண்டும். கை தூக்குவதோடு விட்டால், ஏதோ கேட்டது என்று தெரியுமே தவிர என்ன கேட்டது என்று தெரியாது. முதலில் 1 மீட்டரில், பிறகு 3 மீட்டரில், பிறகு வகுப்பில் அவன் இடத்துக்கும் ஆசிரியருக்கும் உள்ள தூரத்தில். வரிசையையும் இடைவெளியையும் மாற்றிக்கொண்டே இருங்கள். நடுவில் ஒன்றும் சொல்லாமலும் இருந்து பாருங்கள். இரண்டே வாரத்தில் வரிசையை மனப்பாடம் செய்துகொள்ளும் பிள்ளைகள் உண்டு. உள்ளங்கையால் வாயை மூடிச் சொன்னால் ஷ், ஸ் இரண்டும் மழுங்கிவிடும், அப்படிச் செய்ய வேண்டாம்.

ஒன்றுமே கேட்கவில்லை என்றால் பேட்டரி அல்லது அடைப்பு. ஈ என்பதை ஊ என்று சொன்னால், அந்த உயிரொலியின் மேல்பகுதி அவனை எட்டவில்லை. ஸ் மட்டும் விழவில்லை என்றால் உயர் அலைவரிசை போதவில்லை.

வகுப்பாசிரியரின் சந்தேகத்துக்கு விடையும் இதிலேயே இருக்கிறது. கூப்பிட்டால் திரும்புவதற்கு உயிரொலிகள் போதும். அவை ஓங்கி ஒலிப்பவை, பெயரோ பழகிய சொல். சொல்லின் பொருளைப் பிரித்துக் காட்டும் மெய்யொலிகளும் தமிழில் சொல்லின் வாலில் வரும் வேற்றுமை உருபுகளும் மெலிந்து ஒலிப்பவை. 'மரத்தில்', 'மரத்தை', 'மரத்தால்' எல்லாம் அவனுக்கு ஒன்றுபோல் வந்து சேரலாம். உதட்டைப் பார்த்தும் பயனில்லாத இடங்கள் உண்டு: படம், மடம் இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் அசையும். அவன் டிக்டேஷன் நோட்டை வாங்கித் தப்புகளைத் தரம் பிரித்துப் பாருங்கள். சொல்லின் ஈறு விடுபட்டிருந்தால், ப–ம மாறியிருந்தால் காதைச் சந்தேகப்படலாம். ல, ள, ழ குழப்பத்தை வைத்து எதையும் முடிவுகட்டாதீர்கள், நன்றாகக் கேட்கும் பிள்ளைகளும் அதில் தடுமாறுகிறார்கள்.

ஆசிரியரிடம் வாதாடுவதைவிட, ஸ்டெதோகிளிப்பில் மெஷினைப் பொருத்தி, நடக்கிற வகுப்பின் நடுவே ஒரு நிமிடம் அவரையே கேட்கச் சொல்லுங்கள். சக்திவாய்ந்த மெஷின் என்றால் ஒலியடக்கியைப் போட்டுக் கொடுங்கள், அவர் காது பத்திரம். மின்விசிறியும் நாற்காலி இழுபடுவதும் குரலுக்குச் சமமாக, சிலசமயம் குரலை மிஞ்சி ஒலிப்பதை அவரே கேட்டுவிடுவார். ஆசிரியர் குரல் வகுப்பின் இரைச்சலைவிட 15 டெசிபலாவது உயர்ந்திருக்க வேண்டும் என்பது பொது அளவுகோல். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் குரல் 6 டெசிபல் குறையும். அறைக்குள் அவ்வளவு குறையாது, ஆனால் குறையாமல் எஞ்சுவது எதிரொலி. அது சொற்களைக் கலைக்கும்.

ஆசிரியர் அணிந்துகொள்ள, அவர் குரலை நேரே மெஷினுக்கு அனுப்பும் வயர்லெஸ் மைக் இருந்தால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி தீரும். வாயிலிருந்து 15 முதல் 20 செ.மீ. கீழே மைக் இருக்க வேண்டும். சங்கிலியும் அடையாள அட்டையும் உரசினால் அவன் காதில் இடி இடிக்கும். ஆசிரியர் வெளியே போகும்போது மியூட் செய்ய வேண்டும். திரும்பி வந்து மியூட்டை எடுக்க மறப்பதுதான் அதிகம் நடக்கிறது. அவனோ புகார் சொல்ல மாட்டான், தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். மைக் நின்றால் கையசைக்க ஒரு சைகையை அவனோடும் ஆசிரியரோடும் பேசி வையுங்கள்.

முதல் வரிசை நடுவில் உட்கார வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பின்னால் யார் பேசினாலும் அவனுக்குத் தெரியாது. இரண்டாம் வரிசையின் ஓரம் நல்லது: ஆசிரியர் முகமும் தெரியும், சற்றே திரும்பினால் மற்ற பிள்ளைகளும் தெரிவார்கள். விசிறிக்கும் வாசலுக்கும் தள்ளி, நன்றாகக் கேட்கும் காது வகுப்பைப் பார்த்திருக்கட்டும். ஆசிரியர் ஜன்னலுக்கு முன் நின்றால் முகம் இருட்டிவிடும், அதையும் சொல்லுங்கள்.

ஆசிரியரிடம் ஒரே நாளில் பதினைந்து விஷயம் கேட்டால் ஒன்றும் நடக்காது. முதல் மாதத்துக்கு மூன்று போதும். கரும்பலகையைப் பார்த்தபடி பேசாமல் எழுதி முடித்துத் திரும்பிப் பேசுவது, வேறு பிள்ளை சொன்ன பதிலைப் பெயரோடு திருப்பிச் சொல்வது, "புரிந்ததா?" என்று கேட்காமல் "என்ன செய்யச் சொன்னேன்?" என்று கேட்பது. டிக்டேஷனில் சொல்லைத் தனியே சொல்லாமல், சொல், அது வரும் ஒரு வாக்கியம், மறுபடி சொல் என்று கொடுக்கச் சொல்லலாம். எழுத்தறிவைச் சோதிக்கும் இடத்தில் காதைச் சோதித்து மதிப்பெண் குறைப்பது நியாயமில்லை.

தனியே அழைப்பதா என்று கேட்டிருந்தீர்கள். மெஷினுக்கும் ஆறு ஒலிக்கும் 10 நிமிடம் வெளியே. 15 நிமிடம் வகுப்பின் பின்னால் உட்கார்ந்து, எதைத் தவறவிடுகிறான் என்று குறித்துக்கொள்ளுங்கள். 10 நிமிடம் அடுத்த வாரப் பாடத்தின் புதுச் சொற்களை எழுத்திலும் ஒலியிலும் அவனுக்கு முன்கூட்டியே அறிமுகம் செய்யுங்கள். ஏற்கெனவே தெரிந்த சொல்லைத்தான் இரைச்சலுக்குள் பிடிக்க முடியும். மிச்சம் ஆசிரியருக்கு. விளையாட்டுப் பீரியடிலிருந்து மட்டும் அழைக்காதீர்கள், அவனுக்கு நண்பர்கள் கிடைப்பது அங்கேதான்.

மெஷின் நல்ல நிலையில் இருந்தும் 1 மீட்டரில் ஷ், ஸ் தொடர்ந்து விழவில்லை என்றால் ஆடியாலஜிஸ்டிடம் (செவித்திறன் நிபுணரிடம்) அனுப்ப வேண்டும். "சரியாகக் கேட்கவில்லை" என்று எழுதிக் கொடுத்தால் அவருக்கு உதவாது. தேதி, தூரம், எந்தக் காது, எந்த ஒலிக்கு என்ன பதில் என்று வாராவாரம் குறித்த தாளைக் கொடுத்தனுப்புங்கள். சளி பிடித்திருந்த வாரங்களையும் அதில் குறியுங்கள். நடுக்காதில் நீர் கோத்தால் கேட்கும் அளவு தற்காலிகமாக இறங்கும், அதை மெஷினின் கோளாறென்று நினைத்துவிடக் கூடாது.