விளையாடும்போது அணைகிற கம்ப்யூட்டர்: கார்டை மாற்றும் முன் பிளக்கைப் பாருங்கள்

கேள்வி: நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. போன வருஷம் மகனுக்கு டவுனில் ஒரு கடையில் கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து வாங்கினோம். ரைசன் 5 5600 பிராசசர், ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ரேம், கேபினெட்டோடு வந்த 500 வாட் எஸ்எம்பிஎஸ் (உள்ளே இருக்கும் பவர் சப்ளை பெட்டி), வீட்டில் முன்பே இருந்த 600 விஏ யுபிஎஸ். பகலில் ஒழுங்காக ஓடுகிறது. மாலை ஏழு மணிக்கு மேல் கேம் போட்டால் இருபது நிமிடத்தில் பட்டென்று அணைந்து, தானே திரும்ப ஆன் ஆகிறது. கேபினெட்டைத் தொட்டால் லேசாகச் சுள்ளென்கிறது. கார்டு போய்விட்டது, அதைக் கொடுத்துவிட்டு மேலே 18,000 ரூபாய் தந்தால் வேறு கார்டு போட்டுத் தருகிறேன் என்கிறார் கடைக்காரர். மாற்றலாமா ஐயா?

பதில்: மாற்றாதீர்கள். கடைக்கே இப்போதைக்குப் போக வேண்டாம்.

கார்டு பழுதென்றால் அதற்குக் காலை, மாலை தெரியாது. சூடுதான் காரணமென்றால் மத்தியான வெயிலில்தான் அணைய வேண்டும். ராத்திரி மட்டும் அணைகிறது என்றால், ராத்திரி உங்கள் வீட்டில் எது மாறுகிறது என்று பார்க்க வேண்டும். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து குறுவை வேலை ஆரம்பித்துவிட்டால் நம் பக்கத்து டிரான்ஸ்பார்மர்களின் கதை உங்களுக்கே தெரியும். வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற ஃபில்டர் பாயிண்ட் மோட்டார்கள் ஒரு பக்கம், வீடுகளில் விளக்கு, ஃபேன், ஏசி இன்னொரு பக்கம். லைனின் கடைக்கோடி வீட்டுக்கு 230 வோல்ட் வந்து சேர்வதற்குள் மூச்சு வாங்கிவிடும். விதிப்படி அந்த 230-இல் ஆறு சதவீதம் கூடலாம், குறையலாம். அதாவது 216-இலிருந்து 244 வரை. விதி புத்தகத்தில் இருக்கிறது. உங்கள் பிளக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதை எலக்ட்ரீஷியனை அழைத்து, ஏழரை மணிக்கு, கேம் ஓடும்போதே அளக்கச் சொல்லுங்கள். காலை பத்து மணிக்கு வந்து அளந்துவிட்டு “எல்லாம் சரியா இருக்கு சார்” என்று போகிறவரால் பிரயோஜனமில்லை.

அடுத்தது யுபிஎஸ். என் சந்தேகம் முதலில் இதன் மேல்தான். 600 விஏ என்றால் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். உங்கள் கார்டு மட்டும் 170 வாட், பிராசசர் 76 வரை, மானிட்டர், ஃபேன், மற்றதெல்லாம் சேர்த்தால் கேம் ஓடும்போது 300-ஐத் தாண்டிவிடும். உள்ளே இருப்பது ஒரே ஒரு சின்ன பேட்டரி. அதற்கும் வயதாகியிருக்கும். வோல்டேஜ் இறங்கியதும் யுபிஎஸ் பேட்டரிக்குத் தாவும், பேட்டரி இந்தப் பாரத்தைத் தாங்காமல் படுத்துவிடும், கம்ப்யூட்டர் செத்துப் பிழைக்கும். அணைவதற்கு ஒரு நொடி முன்னால் யுபிஎஸ்ஸில் ‘டக்’ என்று சத்தம் கேட்கிறதா என்று தம்பியைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஒரு நாள் மாலை யுபிஎஸ்ஸை விட்டுவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் மாட்டி விளையாடட்டும். அணையவில்லையென்றால் உங்கள் 18,000 மிச்சம்; ஒரு கேவிஏ-வுக்கு (1000 விஏ) குறையாத யுபிஎஸ் வாங்கினால் போதும்.

அப்போதும் அணைந்தால் எஸ்எம்பிஎஸ். கேபினெட்டோடு ‘ஃப்ரீயாக’ வருகிற எஸ்எம்பிஎஸ்ஸைப் போல இந்தத் தொழிலில் ஏமாற்று வேறெதுவும் இல்லை. 500 என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அதை நம்பாமல் பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் என்ற கட்டத்தின் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதைப் பன்னிரண்டால் பெருக்குங்கள். 18 என்று இருந்தால் 216 வாட். கார்டும் பிராசசரும் சாப்பிடுவது இந்த 12 வோல்ட்டிலிருந்துதான், மேலே போட்ட 500-இலிருந்து அல்ல. இந்தக் கார்டுக்கு அதைத் தயாரித்தவர்களே 550 வாட் எஸ்எம்பிஎஸ் போடச் சொல்கிறார்கள். இன்னொன்று: கார்டுக்குப் போகிற எட்டு முனை ஒயர் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேராக வருகிறதா, அல்லது பழைய நாலு முனை ஒயர்களை ஒட்டுப்போட்ட கன்வர்ட்டரா? கன்வர்ட்டர் என்றால் அன்றைக்கே கழற்றுங்கள். அது கருகி நாறுவதை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

எஸ்எம்பிஎஸ்ஸின் பின்னால் சின்னதாகச் சிவப்பு சுவிட்ச், 115, 230 என்று போட்டு இருந்தால் அது பழைய ரகம். அதைத் தொடவே தொடாதீர்கள். “லோ வோல்டேஜ் ஊராச்சே” என்று ஒரு மெக்கானிக் என் கண் முன்னாலேயே அதை 115-க்குத் தள்ளினார். ஆன் செய்ததும் தீபாவளிதான். நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த சுவிட்ச்சே இருக்காது. 100 முதல் 240 வரை என்று ஸ்டிக்கரில் இருக்கும், வோல்டேஜ் இறங்கினாலும் சமாளிக்கும். பெயர் தெரிந்த கம்பெனியின் 550 அல்லது 650 வாட், மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்று காட்டும் 80 பிளஸ் ப்ரான்ஸ் முத்திரையோடு வாங்குங்கள்.

இங்கே ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும். மீட்டரில் வோல்டேஜ் குறைவதற்குப் பதிலாக ஏறினால், மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. கிரைண்டர் போட்டதும் ஒரு அறையில் விளக்கு மங்கி இன்னொரு அறையில் பிரகாசமாகிறதா? ஃபேன் திடீரென்று பறக்கிறதா? அப்படியென்றால் நியூட்ரல் லூசாகியிருக்கிறது. நியூட்ரல் என்பது மின்சாரம் திரும்பிப் போகிற பாதை. அது அறுந்தால் ஒரு பேஸின் மின்சாரம் இன்னொரு பேஸ் வழியாகத் திரும்பப் பார்க்கும். இரண்டு பேஸுக்கு நடுவே 400 வோல்ட். பாரம் குறைவாக உள்ள பக்கத்துக்கு 280, 300 என்று வந்து விழும். த்ரீ பேஸ் வீட்டில் மட்டும்தான் இது நடக்கும் என்று நினைக்காதீர்கள். தெருக் கம்பத்தில் நியூட்ரல் போனால் சிங்கிள் பேஸ் வீட்டிலும் இதே கதிதான். பெருங்காற்று அடித்த மறுநாள், தென்னை மட்டை கம்பியில் விழுந்த மறுநாள், இதைக் கட்டாயம் சந்தேகப்படுங்கள். மெயினை அணைத்துவிட்டு மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987-க்குச் சொல்லுங்கள். யாராவது வந்து பார்க்கும் வரை கம்ப்யூட்டர் மட்டுமல்ல, ஃப்ரிட்ஜும் ஓட வேண்டாம்.

சுள்ளென்பது எர்த் இல்லாததால். எஸ்எம்பிஎஸ் வாயிலில் ஒரு வடிகட்டி உண்டு. அதில் கசிகிற கொஞ்சம் மின்சாரம் எர்த்துக்குப் போக வேண்டும். எர்த் இல்லையென்றால் கேபினெட்டிலேயே உட்கார்ந்துகொள்ளும், டெஸ்டர் வைத்தால் எரியும். பழைய ஓட்டு வீடுகளில் மூன்று முனை பிளக் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. நம் மண் ஈர மண், எர்த் போடுவது பெரிய காரியமில்லை. ஆனால் சில எலக்ட்ரீஷியன்கள் குழி வெட்டச் சோம்பல்பட்டு நியூட்ரலையே எர்த் துளைக்கு இழுத்து முடிச்சுப் போடுவார்கள். சுள்ளென்பது நின்றுவிடும், நீங்களும் சந்தோஷமாகப் பணம் கொடுப்பீர்கள். நியூட்ரல் அறுகிற அன்றைக்கு முழு மின்சாரமும் கேபினெட்டில் நிற்கும். தொட்டவர் போய்விடுவார். எர்த் ஒயர் எங்கே போகிறது, குழியைக் காட்டுங்கள் என்று கேளுங்கள்.

‘கர்னல் பவர் 41’ என்று கம்ப்யூட்டரிலேயே வருவதைக் காட்டி, இதுதான் கார்டு போனதற்கு அத்தாட்சி என்பார்கள். போனமுறை ஒழுங்காக அணைக்கவில்லை என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தமில்லை.

வேகமும் குறைவாக இருந்தால் அது தனி விஷயம். ரேம் ஒரே குச்சியாக இருந்தால் இரண்டு எட்டு ஜிபி குச்சிகளாக மாற்றுங்கள், பயாஸில் (ஆன் ஆகும்போது திறக்கும் செட்டிங்) ரேமை அதன் முழு வேகத்தில் ஓட வைக்கும் எக்ஸ்எம்பி-யைப் போடுங்கள். கேபினெட்டை மூடிய மர அலமாரியிலிருந்து வெளியே எடுங்கள். உமித்தூசியை ப்ளோயரால் ஊதும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

அந்த ‘வேறு கார்டு’ என்ன என்று கேட்டீர்களா? 2022 செப்டம்பரில் ஈத்தீரியம் என்ற டிஜிட்டல் நாணயம் கார்டு தேவைப்படாத முறைக்கு மாறியதும், அந்த நாணயத்தை உண்டாக்கும் மைனிங்கில் ராப்பகலாக ஓடிய கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. துடைத்து, புது டப்பாவில் போட்டால் யாருக்கும் தெரியாது. உங்கள் நல்ல கார்டைக் கொடுத்து அதை வாங்க மேலே 18,000! பில்லில் சீரியல் நம்பர் இருக்கிறதா பாருங்கள். “பில் வேண்டாமென்றால் 18 சதவீத வரி மிச்சம்” என்ற பேச்சில் மயங்கியிருந்தால் வாரண்டிக்கு அலைச்சல்தான். பில் இருந்தவனுக்கே என்ன நடந்தது என்று கேளுங்கள்: என் கார்டு ஒன்று கூரியரில் போய், இரண்டு மாதம் கழித்து, பழுது ஏதுமில்லை என்ற ஒரு வரிச் சீட்டோடு அதே தூசியுடன் திரும்பி வந்தது.

மாலை நேர வோல்டேஜ், யுபிஎஸ் இல்லாமல் ஓட்டியபோது என்ன ஆனது, 12 வோல்ட்டுக்குக் கீழே உள்ள ஆம்பியர்: இந்த மூன்றையும் எழுதி அனுப்புங்கள். அதுவரை கார்டு உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.