இருபது வருடம் படி ஏறிய ஆட்டுக்கு ஒரு லிஃப்ட்

கேள்வி: ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஓர் ஆங்கில வெப் காமிக்ஸ் படித்துவருகிறேன். கலங்கரை விளக்கத்தைக் காக்கும் கிழவர், படிக்கட்டைத் திட்டிக்கொண்டே அவர் பின்னால் ஏறும் ஓர் ஆடு, இவ்வளவுதான் கதை. வாரம் மூன்று நாள் தவறாமல் வருகிறது. அடுத்த மாதம் அதற்கு 20 வயது. வரைபவருக்கு வாழ்த்தாக நானே ஒரு படம் வரைந்து அனுப்ப ஆசை. ஆனால் பள்ளியோடு வரைவதை விட்டுவிட்டேன்; இப்போது ஆட்டை வரைந்தால் நாய் வருகிறது. ‘செயலியிடம் சொன்னால் ஒரு நிமிடத்தில் வரைந்து தரும், அதையே டீ ஷர்ட்டில் அச்சிட்டு விற்கலாம்’ என்கிறாள் தோழி. ‘ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறவளுக்குப் பொம்மைப் படம் எதற்கு’ என்கிறார் அம்மா. என்ன செய்யட்டும்?
– வாசகி, பெரம்பூர்

பதில்: நாய் போல வரும் ஆட்டையே அனுப்புங்கள். அதற்கு முன்னால் அதைக் கொஞ்சம் ஆட்டின் பக்கம் நகர்த்த முடியுமா என்று பார்ப்போம்.

வாரத்துக்கு மூன்று என்றால் 20 வருடத்தில் 3,000க்கு மேல் வரைந்திருக்கிறார் அந்த மனிதர். இத்தனை வருடத்தில் யாருடைய கையும் ஒரே மாதிரி நிற்காது. முதல் வருடத்து ஆட்டையும் போன வாரத்து ஆட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொம்பு வளைந்திருக்கும், கால் குட்டையாகியிருக்கும், கண் புள்ளியாகச் சுருங்கியிருக்கும். ஆகவே எந்த வருடத்து ஆட்டை வரையப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால், நீங்கள் ஒன்பதாம் வகுப்பில் முதன்முதலாகப் பார்த்த ஆடு. பழைய கொம்பை ஞாபகம் வைத்துக்கொண்டு ஒருவர் வரைந்திருக்கிறார் என்பது வரைந்தவருக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

அச்சு அசலாக வரவேண்டும் என்ற பயமும் வேண்டாம். ‘பொன்னியின் செல்வன்’ 1950இல் கல்கியில் தொடங்கியபோது படம் போட்டவர் மணியம். பிற்பாடு அதே கதை மறுபடி தொடராக வந்தபோது வினு வரைந்தார், பத்மவாசன் வரைந்தார். ஒருவருடைய வந்தியத்தேவனின் மூக்கு மற்றவருடையவனுக்கு இல்லை. இருந்தாலும் குதிரைமேல் உட்காரும் தோரணையிலேயே ஆளைக் கண்டுகொண்டோம். உங்கள் ஆட்டின் தோரணை என்ன? நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், அலுப்பு. தலையைத் தொங்கப்போட்டு, ஒரு முன்னங்காலை அடுத்த படியில் வைத்து அப்படியே நிற்கும் என்று நினைக்கிறேன். அந்த நிழலுருவம் சரியாக வந்துவிட்டால், முகம் நாயாக இருந்தால்கூட ஆடுதான்.

எனவே அதை முன்னால், பக்கவாட்டில், பின்னால் காட்டும் பத்துக் கட்டங்களைத் தேடி எடுத்துப் பாருங்கள், பார்த்து வரையுங்கள். மேலே தாளை வைத்துப் பிரதி எடுக்காதீர்கள். இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. பன்னிரண்டு வயதில், எனக்குப் பிடித்த பத்திரிகை ஓவியர் ஒருவரின் வீரனை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, வெயில் வெளிச்சத்தில் வரி பிசகாமல் எடுத்து, அவருக்கே தபாலில் அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கார்டு வந்தது: ‘மகிழ்ச்சி தம்பி. ஆனால் வாள் ஏன் இடது கைக்குப் போயிற்று?’ பக்கத்தைத் திருப்பி ஒட்டியிருக்கிறேன். கோட்டைத்தான் பார்த்தேனே தவிர ஆளைப் பார்க்கவில்லை. அந்தக் கார்டைப் பல வருடம் யாருக்கும் காட்டவில்லை.

இனி, என்ன வரைவது? கேக், மெழுகுவர்த்தி, ‘20’ என்று பெரிய எழுத்து, இவற்றை எல்லோரும் அனுப்புவார்கள். சென்னைக்காரி ஒருத்தி மட்டும் அனுப்பக்கூடியது ஒன்று மெரினாவிலேயே நிற்கிறது. உயர் நீதிமன்றக் கட்டடத்தின் உச்சியில் 1894 முதல் எரிந்த விளக்கு ஓய்வுபெற்றபின், 1977இல் கடற்கரைக்கு வந்த சிவப்பு வெள்ளைக் கலங்கரை விளக்கம். அதில் லிஃப்ட் இருக்கிறது! இருபது வருடமாகப் படிக்கட்டைத் திட்டிய ஆட்டை அந்த லிஃப்டுக்குள் நிறுத்துங்கள். கிழவர் பழக்கதோஷத்தில் படியில் ஏறிக்கொண்டிருக்கட்டும். பேச்சு பலூன்கூட வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்க் கோபுரத்தின் பட்டைகளை எண்ணிக் குறித்துக்கொண்டு வாருங்கள். வரைபவரின் ஊரில் யாரும் சரிபார்க்கப்போவதில்லை என்றாலும்.

கருவிக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். கெட்டியான கார்ட்ரிட்ஜ் தாள் (படம் வரையும் தாள்), மெல்லிய கோட்டுக்கு 2எச் பென்சில், நீரில் கரையாத கறுப்பு மைப் பேனா போதும். நம் ஊர்ப் புழுக்கத்தில் உள்ளங்கை வியர்வை பென்சில் கோட்டை இழுத்துக்கொண்டு போகும். கைக்கு அடியில் ஒரு வெற்றுத்தாள் வையுங்கள். மை நன்றாகக் காய்ந்தபின் அழிப்பானைத் தொடுங்கள். மின்விசிறியை நிறுத்தினால் வியர்க்கும், போட்டால் தாள் பறக்கும். நான் நான்கு மூலையிலும் ஒட்டுநாடா போட்டுவிடுவேன். முடிந்ததும் 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

தோழிக்கு இரண்டு பதில்கள். டீ ஷர்ட் கூடாது. அந்த ஆடு அவருடையது. நாடுகள் ஒன்றின் பதிப்புரிமையை மற்றொன்று மதிக்கச் செய்துகொண்ட பெர்ன் உடன்படிக்கையில் இந்தியாவும் இருப்பதால், அவர் வெளிநாட்டுக்காரர் என்பது உதவாது. 1957ஆம் ஆண்டின் நம் பதிப்புரிமைச் சட்டம் ஓவியருக்கு ஆயுள் முழுவதும், அதன்பின் 60 ஆண்டும் உரிமை தருகிறது. வாழ்த்தாக ஒரு படம் அனுப்பினால் பெரும்பாலான ஓவியர்கள் மகிழ்வார்கள். விற்க வேண்டுமென்றால் அனுமதி கேட்டாக வேண்டும். செயலி விஷயம் வேறு. அது நல்ல ஆட்டையே தரக்கூடும். ஆனால் வாரம் மூன்று நாள் உட்கார்ந்து கையால் வரைகிற ஒருவருக்கு, ஒரு நிமிடத்தில் வந்ததை வாழ்த்தென்று அனுப்ப உங்களுக்கே மனம் வராது. வந்திருந்தால் எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள்.

அம்மாவிடம் வாதாட வேண்டாம். முதல் பத்துக் கதைகளைத் தமிழில் சொல்லிக் காட்டுங்கள். முழங்கால் வலியோடு மாடிப்படி ஏறுகிறவராக இருந்தால், ஆட்டின் கட்சிக்கு வந்துவிடுவார்.

படத்தின் கீழ்மூலையில் உங்கள் பெயரைத் தமிழிலேயே எழுதி, ‘பெரம்பூர், சென்னை’ என்று சேருங்கள். அனுப்பியபின் மூலப்படத்தைச் சுருட்டிப் பரணில் போடாதீர்கள், ராமபாணப் பூச்சி தின்றுவிடும். அட்டைக்கு நடுவே தட்டையாக வைத்து, பீரோவில் புடவைகளுக்கு அடியில் வையுங்கள்.