கப்பலில் ஃபார்மல் நைட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பயணம் பற்றி இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், சுற்றுலாக் கப்பலில் நடக்கும் ஃபார்மல் நைட் எனப்படும், முறையான விருந்துடை அணிந்து வர வேண்டிய விருந்து மாலையைப் பற்றியே கேட்டிருந்தன. எனவே இந்த இதழின் கேள்வி-பதில் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

கேள்வி: நாங்கள் பதிவு செய்திருக்கும் ஏழு இரவுப் பயணத்தில் இரண்டு ஃபார்மல் நைட் உண்டு என்று கப்பல் நிறுவனம் எழுதியிருக்கிறது. கோட்டும் டையும் என் கணவருக்கு ஆகாது. அந்த இரண்டு இரவும் நாங்கள் அறைக்குள்ளேயே அடைந்து கிடக்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. இந்த உடை விதி கப்பல் முழுவதற்கும் உரியது அன்று. கப்பலின் சில அறைகளுக்கு மட்டுமே உரியது. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கவலை தீர்ந்துவிடும். முதன்மை உணவகம், சில பார்கள், நடன அரங்கு போன்றவை அன்றைய உடை ஒழுங்குக்குள் வரும். மேல்தளத்து பஃபே உணவகமோ அறைக்கே உணவு வரவழைக்கும் வசதியோ அதற்குள் வருவதில்லை. கொஞ்சமும் உடை மாற்ற மனமில்லாதவரும் வயிறார உண்டுவிட்டுத் தளத்தில் உலவலாம்.

ஆனால் எல்லா நிறுவனங்களும் ஒரே அளவில் கண்டிப்பாக இருப்பதில்லை. இன்று பழைய முறையை அதிகம் போற்றுவது குனார்ட் நிறுவனம். சவுதாம்ப்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே ஏழு இரவுகளில் அட்லாண்டிக்கைக் கடக்கும் அதன் குயின் மேரி 2 கப்பலில் வழக்கமாக இரண்டு கலா மாலைகள் (ஃபார்மல் நைட்டுக்கு அங்கே வழங்கும் பெயர்) இருக்கும். பிற நாட்களிலும் மாலை ஆறு மணிக்குப் பிறகு ஓரளவு திருத்தமாக உடுத்த வேண்டும் என்பது அங்கே எதிர்பார்ப்பு. அந்தக் கப்பலிலேயே கிங்ஸ் கோர்ட் பஃபே, கோல்டன் லயன் பப், கரிந்தியா லவுஞ்ச் ஆகிய இடங்களுக்குச் சாதாரண உடையில் போகலாம். பிரின்சஸ் கப்பல்களிலும் ஏழு இரவுப் பயணத்துக்கு இரண்டு ஃபார்மல் நைட் என்பதே வழக்கம். கண்டிப்பு மட்டும் சற்றுத் தளர்வு. கார்னிவல் இதை ‘எலிகன்ட் நைட்’ என்று அழைக்கிறது. அங்கே நல்ல முழுக்கால் சட்டையும் கசங்காத சட்டையும் போதும், கோட்டு விருப்பத்தைப் பொறுத்தது. செலிப்ரிட்டி நிறுவனம் 2015-இன் இறுதியில் ஃபார்மல் நைட்டைக் கைவிட்டு, ‘ஈவினிங் சிக்’ என்ற இலகுவான முறைக்கு மாறிக்கொண்டது. நார்வீஜியன் நிறுவனமோ 2000-ஆம் ஆண்டிலேயே ‘ஃப்ரீஸ்டைல்’ என்ற பெயரில் இந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது. உங்கள் கணவர் கோட்டை உண்மையிலேயே வெறுப்பவர் என்றால், அடுத்த முறை கப்பலைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைக் கணக்கில் கொள்ளுங்கள். கோட்டணிந்து விருந்துக்கு வருவதற்காகவே குறிப்பிட்ட கப்பலைத் தேடிப் பதிவு செய்தவர்கள் நடுவே, அரைக்கால் சட்டையோடு போய் உட்கார்ந்து ‘எனக்கும் உரிமை உண்டு’ என்று வாதாடுவது எங்களுக்கு நியாயமாகப் படவில்லை. அந்த அறைக்குள் போக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. போவது என்று முடிவு செய்தால் அறையின் ஒழுங்கை ஏற்றுக்கொள்வதுதான் முறை.

கேள்வி: ஆண்கள் டக்ஸீடோ என்ற கறுப்பு விருந்து சூட் அணிந்தே தீர வேண்டுமா? அதற்காக ஒன்று வாங்குவது வீண்செலவு என்று நினைக்கிறேன்.

பதில்: நீங்கள் நினைப்பது சரி. மிகக் கண்டிப்பான கப்பலிலும் கறுப்பு, கருநீலம், அடர்சாம்பல் ஆகிய நிறங்களில் ஒரு சூட்டும், வெள்ளைச் சட்டையும், டை அல்லது போ டையும் (பட்டாம்பூச்சி வடிவில் முடிச்சிடும் டை) இருந்தால் உங்களை யாரும் வாசலில் நிறுத்தப்போவதில்லை. குனார்ட் தன் விதியிலேயே டக்ஸீடோவுக்கு இணையாக அடர்நிற சூட்டையும், அவரவர் நாட்டின் முறையான தேசிய உடையையும், ஸ்காட்லாந்திய ஆண்கள் அணியும் பாவாடை போன்ற கில்ட்டையும், ராணுவச் சீருடையையும் ஏற்றுக்கொள்கிறது. தேசிய உடை என்றால் அந்த நாட்டில் ஒரு திருமணத்துக்கோ அரசு விருந்துக்கோ அணியும் தரத்தில் இருக்க வேண்டும். வீட்டில் உடுத்துவது அந்தக் கணக்கில் வராது.

இரண்டு விருந்து இரவுக்கும் ஒரே சூட் போதும். சட்டையையும் டையையும் மாற்றினால் பார்ப்பவருக்கு வேறாகத் தெரியும், தெரியாவிட்டாலும் குறையில்லை. ஆண்கள் பெரும்பாலும் கோட்டைச் சரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டுக் காலணியில்தான் கோட்டைவிடுகிறார்கள். விளையாட்டு ஷூவும் வெள்ளைக் காலுறையும் எவ்வளவு நல்ல சூட்டையும் கெடுத்துவிடும். கறுப்புத் தோல் ஷூ ஒன்று, அதன் நிறத்திலேயே நீளமான காலுறை, இவை போதும். புது ஷூவைப் பயணத்தன்று முதன்முதலாக அணியாமல், சில நாட்கள் முன்பே போட்டு நடந்து பழக்கிவிடுங்கள்.

டக்ஸீடோ ஆசை இருந்தால் வாடகைக்கும் கிடைக்கும். சில நிறுவனங்கள் புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பே அளவுகளை வாங்கிக்கொண்டு, நீங்கள் கப்பலேறும் நாளில் உடையை அறையில் தொங்கவிட்டுவிடும் ஏற்பாட்டை வைத்திருக்கின்றன. வாழ்நாளில் இரண்டு மூன்று முறை மட்டுமே அணியப்போகிறவருக்கு இதுவே சிக்கனம்.

கேள்வி: பெண்கள் தரையைத் தொடும் கவுன்தான் அணிய வேண்டுமா? இரண்டாவது விருந்துக்கும் அதே உடையை உடுத்தினால் தவறாகப் பார்ப்பார்களா?

பதில்: தரையைத் தொடும் கவுன் அழகுதான், ஆனால் கட்டாயமில்லை. முழங்காலளவு மாலை உடையும், நல்ல துணியில் தைத்த கால்சட்டையும் மேலுடையும் சேர்ந்த இணையும், தேசிய உடையும் ஏற்றவையே. ஒரே உடையை இரண்டு இரவும் உடுத்துவதைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். ஆயிரக்கணக்கானோர் பயணம் செய்யும் கப்பலில் உங்கள் உடையை நினைவில் வைத்திருப்பவர்கள் உங்களோடு ஒரே மேசையில் அமர்பவர்கள் மட்டுமே. அவர்களுக்கும் ஒரு மேல்துண்டும் வேறு நகையும் போதும், உடை புதிதாகத் தோன்றிவிடும்.

நாங்கள் வற்புறுத்திச் சொல்வது வேறு விஷயம்: கப்பல் அசையும் இடம். ஊசிபோன்ற குதிகால் செருப்பு, அசையும் தரையிலும் மரப்பலகைத் தளத்தின் இடுக்கிலும் காலை வாரிவிடும். அகலமான, தாழ்ந்த குதியுள்ள காலணியே பாதுகாப்பானது. படிகளில் இறங்கும்போது நீளப் பாவாடையை ஒரு கையால் தூக்கிப் பிடிக்க நேரும் என்பதால் மற்றக் கை கைப்பிடிக் கம்பியைப் பற்றும்படி இருக்க வேண்டும். ஆகவே தோளில் மாட்டும் சிறு பையே கையில் பிடிக்கும் பையைவிட வசதி. உணவகத்தில் குளிர்சாதனம் பலமாக இருக்கும், திறந்த தளத்தில் காற்று வீசும். வெப்பமண்டலக் கடலில் பயணம் செய்தாலும் மெல்லிய சால்வை ஒன்று கையோடு இருக்கட்டும். விலையுயர்ந்த நகைகளைக் கொண்டுபோவதை நாங்கள் ஊக்குவிக்கமாட்டோம். கொண்டுபோனால் கைப்பையில் வைத்துக்கொண்டு போய், அணியாத நேரத்தில் அறையிலுள்ள பெட்டகத்தில் பூட்டுங்கள்.

கேள்வி: இஸ்திரிப் பெட்டியை எடுத்துச்செல்லலாமா? உடைகள் கசங்கிவிடுமே.

பதில்: எடுத்துச்செல்லாதீர்கள். நடுக்கடலில் தீ என்பது கப்பலில் எல்லாரும் அஞ்சும் விபத்து. ஆகவே பயணிகள் தம் அறையில் இஸ்திரிப் பெட்டியையோ நீராவியால் சுருக்கம் நீக்கும் கருவியையோ பயன்படுத்த அநேகமாக எல்லாக் கப்பல்களும் தடை விதித்திருக்கின்றன. ஏறும்போது பெட்டிகளைச் சோதிக்கையில் கண்டுபிடித்து எடுத்துவைத்துக்கொண்டு, பயணம் முடிந்த பிறகே திருப்பித் தருவார்கள். சில கப்பல்களில் பயணிகளே துணி துவைத்து இஸ்திரி போட்டுக்கொள்ளும் பொது அறை உண்டு. ஆனால் ஃபார்மல் நைட் அன்று மாலை அங்கே பெரிய வரிசை நிற்கும், காலையிலேயே போய் முடித்துவிடுவது நல்லது. அந்த வசதி இல்லாத கப்பலில் கட்டணம் கொடுத்து ஊழியர்களிடம் இஸ்திரிக்குத் தரலாம். இரண்டும் வேண்டாமென்றால், கப்பலேறிய நாளிலேயே உடையை வெளியே எடுத்துத் தொங்கவிடுங்கள். குளியலறையில் சுடுநீர் ஆவி நிறைந்திருக்கும்போது சற்று நேரம் மாட்டிவைத்தால் சின்னச் சுருக்கங்கள் தானே இறங்கிவிடும்.

இதோடு சேர்த்து ஓர் எச்சரிக்கை. விமானத்தில் போய்க் கப்பலேறுபவர்கள் விருந்துடை முழுவதையும் சரக்குப் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. பெட்டி தவறினால், அது உங்களைத் துரத்தி அடுத்த துறைமுகத்துக்குத்தான் வந்து சேர முடியும். இடையில் ஒரு விருந்து கடந்துபோய்விடலாம். ஒரு செட் உடையாவது கையோடு வரட்டும். அப்படியும் பெட்டி தொலைந்தால் உணவகப் பொறுப்பாளரிடம் நேரில் சொல்லுங்கள். பெட்டி வராதவரைச் சாதாரண உடையில் அனுமதிக்கும் பெருந்தன்மை அவர்களுக்கு உண்டு.

கேள்வி: எந்த இரவு ஃபார்மல் நைட் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: முந்தின மாலை உங்கள் அறைக்கு வரும் தினசரி நிகழ்ச்சித் தாளிலோ நிறுவனத்தின் கைபேசிச் செயலியிலோ அன்றைய உடை ஒழுங்கு இருக்கும். அதற்கு முன்பே ஊகிக்கவும் முடியும். முதல் இரவில் பலரது பெட்டிகள் அறைக்கே வந்து சேர்ந்திருக்காது. கடைசி இரவில் பெட்டிகளைக் கட்டி அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும். ஆகவே அந்த இரண்டும் அநேகமாக ஃபார்மல் நைட் ஆக இருக்காது. துறைமுகத்தில் ஊர் சுற்றிவிட்டுக் களைத்துத் திரும்பும் நாளையும் தவிர்ப்பார்கள். எஞ்சுவது முழு நாளும் கடலிலேயே கழியும் நாட்கள்.

அட்லாண்டிக்கைக் கிழக்கு நோக்கிக் கடப்பவர்களுக்கு மட்டும் ஒரு தனிக் குறிப்பு: குயின் மேரி 2-இல் கடிகாரத்தை நண்பகலில் ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துவார்கள். பன்னிரண்டு மணி சட்டென்று ஒரு மணியாகிவிடுவதால், விருந்துக்குத் தயாராகும் நேரமும் அதே அளவு குறைந்துபோகும். முடி அலங்காரத்துக்கு நேரம் குறித்து வைத்திருப்பவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

கேள்வி: அறிமுகமில்லாதவர்களோடு ஒரே மேசையில் அமர்த்துவார்கள் என்கிறார்கள். இத்தனை கரண்டி, முள்கரண்டி, கோப்பைகளுக்கு நடுவே எப்படி நடந்துகொள்வது? கப்பல் கேப்டன் அழைத்தால் என்ன செய்வது?

பதில்: கரண்டிகளைக் கண்டு மிரள வேண்டாம். தட்டிலிருந்து மிகத் தொலைவில் இருப்பதை முதல் உணவுக்கு எடுத்து, ஒவ்வோர் உணவுக்கும் உள்நோக்கி நகர்ந்து வந்தால் போதும். ரொட்டித் தட்டு இடப்பக்கம், குடிக்கும் கோப்பைகள் வலப்பக்கம்; இது தெரிந்தாலே பக்கத்தில் இருப்பவரின் ரொட்டியை எடுக்கும் சங்கடம் நேராது. துணிக் கைத்துடைப்பானை மடியில் விரித்துக்கொள்ளுங்கள். இடையில் எழுந்து போகும்போது நாற்காலியிலும், உண்டு முடித்து எழும்போது மேசையிலும் அதை வையுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது நேரம். குறித்த நேரத்தில் பலரும் சேர்ந்து அமரும் முறையில், நீங்கள் இருபது நிமிடம் தாமதித்தால் ஒரு மேசையே காத்திருக்கும்; சமையலறையும் பரிமாறுபவரும் அடுத்த அமர்வுக்குள் முடிக்கத் திணறுவார்கள். நேரத்துக்குக் கட்டுப்பட விரும்பாதவர்கள், பல கப்பல்களில் உள்ள, விரும்பிய நேரத்தில் உண்ணும் முறையை முன்கூட்டியே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். தனியாக உட்கார விரும்பினால் இருவர் மேசை கேட்பதில் எந்தத் தவறும் இல்லை. மேசைத் தோழர்கள் ஒத்துவராவிட்டால் இரண்டாம் நாளிலேயே பொறுப்பாளரிடம் மெல்லச் சொல்லி மாற்றிக்கொள்ளலாம், அது அங்கே தினசரி நடப்பதுதான். பேச்சுக்கு, வந்த துறைமுகமும் வரப்போகும் துறைமுகமும் போதுமான பொருள். பயணத்துக்கு எவ்வளவு கட்டினீர்கள் என்று கேட்பதைத் தவிர்த்துவிடுங்கள். ஒரே மாதிரி அறைக்கு ஒருவர் கட்டியது இன்னொருவர் கட்டியதைவிட வெகு குறைவாக இருக்கக்கூடும், அது தெரிந்த மேசையில் அதற்குப் பிறகு கலகலப்பு இருக்காது.

முதல் விருந்து மாலையில் கேப்டன் எல்லாரையும் வரவேற்கும் நிகழ்ச்சி இருக்கும். கோப்பை உயர்த்தும்போது மது அருந்தாதவர் பழச்சாறோ தண்ணீரோ உயர்த்தலாம். கேப்டன் கைகுலுக்கவில்லை என்றால் வருந்தாதீர்கள். நோரோவைரஸ் போன்ற தொற்றுகள் பரவாமலிருக்கப் பல கப்பல்களில் கைகுலுக்குவதை நிறுத்திவிட்டார்கள். கேப்டனின் மேசைக்கு அழைப்பிதழ் வந்தால், வருவதையோ வராததையோ உடனே தெரிவியுங்கள். அன்று உடையில் சலுகை கேட்கக் கூடாது. மதுவின் செலவைப் பெரும்பாலும் விருந்து அளிப்பவரே ஏற்றுக்கொள்வார். “நீங்கள் இங்கே இருக்கிறீர்களே, அங்கே கப்பலை ஓட்டுவது யார்?” என்ற நகைச்சுவையைக் கேப்டன்கள் ஏற்கெனவே போதுமான அளவு கேட்டுவிட்டார்கள்.

கேள்வி: படம் எடுப்பவர்கள் வழிமறிக்கிறார்களாமே, பணம் கொடுக்க வேண்டுமா?

பதில்: நின்று படம் எடுத்துக்கொள்வதற்குக் கட்டணம் கிடையாது, படத்தை வாங்கினால்தான் கட்டணம். பிடித்தால் வாங்குங்கள், இல்லையென்றால் புன்னகையோடு கடந்துபோங்கள்.

கேள்வி: நான் தனியாகப் பயணம் செய்யும் பெண். உணவுக்குப் பிறகு நடன அரங்குக்குப் போகலாமா?

பதில்: தாராளமாகப் போகலாம். குனார்ட் போன்ற சில நிறுவனங்கள், தனியாக வரும் பெண்களோடு நடனமாடுவதற்கென்றே நன்கு நடனம் தெரிந்த ஆண்களை அமர்த்தியிருக்கின்றன. அவர்கள் ஒருவரோடு மட்டும் ஆடிக்கொண்டிருக்காமல் விருப்பமுள்ள எல்லாரோடும் முறைவைத்து ஆட வேண்டும் என்பது அவர்களுக்கான விதி. நடனம் தெரியாதென்றால் பகலில் நடக்கும் இலவச வகுப்புகளில் இரண்டுக்குப் போய்வாருங்கள். மாலையில் அங்கே தெரிந்த முகம் நாலு இருக்கும். ஆடாமல் இசை கேட்டுக்கொண்டு அமர்ந்திருப்பதற்கும் தடையில்லை.

கேள்வி: எங்கள் மகனுக்கு ஐந்து வயது. அவனையும் விருந்துக்கு அழைத்துப்போகலாமா?

பதில்: அழைத்துப்போகலாம். காலர் வைத்த சட்டை, முழுக்கால் சட்டை, மூடிய காலணி அவனுக்குப் போதும். அந்த வயதில் கோட்டை யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். ஆனால் விருந்து இரவில் உணவு ஒன்றன்பின் ஒன்றாக நிதானமாக வருவதால், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நாற்காலியில் இருக்க நேரும். அமர்வு முறை இருந்தால் முதல் அமர்வையே கேளுங்கள். உட்கார்ந்ததும் அவனுக்கு மட்டும் உணவை முதலில் கொண்டுவரச் சொன்னால் பரிமாறுபவர் மகிழ்ச்சியோடு செய்வார். அவன் உண்டு முடித்ததும் சிறுவர் மன்றத்தில் விட்டுவிட்டு, நீங்கள் இருவரும் திரும்பிவந்து மீதி விருந்தை உண்ணலாம். சில கப்பல்களில் மன்றத்து ஊழியர்களே உணவகத்துக்கு வந்து குழந்தைகளை அழைத்துச்செல்கிறார்கள்.