அகார் தட்டில் வளராத பாக்டீரியாவைத் தேடுவது எப்படி?

சென்னைக் கல்லூரி ஒன்றில் எம்.எஸ்சி. விலங்கியல் இறுதியாண்டு படிக்கும் வாசகி கேட்கிறார்: "பூச்சிக்குள் வாழும் கூட்டுவாழ் பாக்டீரியாவைப் பற்றி நான்கு மாதத்தில் ப்ராஜெக்ட் முடிக்க வேண்டும். பூச்சியை அரைத்து நியூட்ரியன்ட் அகாரில் பூசினால் போதுமா? மைக்ராஸ்கோப்பும் பிசிஆர் மெஷினும் இருக்கின்றன. எந்தப் பூச்சியை எடுக்கலாம்?"

அகாரில், அதாவது பாக்டீரியாவை வளர்க்கும் ஜெல்லியில், பூசினால் ஏதாவது வளரும். ஆனால் நீங்கள் தேடுவது வளராது. தட்டில் வருபவை பெரும்பாலும் பூச்சியின் குடலிலும் தோலிலும் இருந்தவை. தாயிடமிருந்து குஞ்சுக்குப் போய்க்கொண்டே இருக்கும் பாக்டீரியா பூச்சியின் செல்லுக்குள் குடியிருப்பது. வெளியே பிழைக்கத் தேவையான மரபணுக்களில் பலவற்றை அது எப்போதோ இழந்துவிட்டது. செடிச்சாற்றை உறிஞ்சும் சின்னப் பூச்சியான அசுவினிக்குள் வாழும் புக்னெரா என்ற பாக்டீரியாவின் முழு மரபணுத்தொகுதியை 2000-இல் படித்தபோது அதில் சுமார் 6.4 லட்சம் டிஎன்ஏ எழுத்துகளே இருந்தன. குடலில் வாழும், தட்டில் எளிதாக வளரும் ஈ.கோலை பாக்டீரியாவுக்கு ஏறக்குறைய 46 லட்சம்.

நான் அசுவினியைத்தான் சொல்வேன். செடியின் சாற்றில் சர்க்கரை நிறைய, இன்றியமையாத அமினோ அமிலங்கள் மிகக் குறைவு. அந்தக் குறையை நிரப்புவது புக்னெரா. மார்கழி, தை மாதங்களில் மாடித்தோட்டத்து அவரைக் கொடியின் இளந்தண்டைப் பாருங்கள், கறுப்பாக மொய்த்திருக்கும்.

இறக்கையில்லாத பெரிய அசுவினி ஒன்றை ஸ்லைடில் ஒரு சொட்டு சலைனில் (உப்புக் கரைசலில்) வையுங்கள். இரண்டு மெல்லிய ஊசிகளால் வயிற்றின் பின்பக்கத்தை மெதுவாகக் கிழியுங்கள். கோத்த மணிபோலக் கருக்கள் நழுவி வரும், முதிர்ந்தவற்றில் கண் புள்ளிகூடத் தெரியும். அவற்றோடு உருண்டையான பெரிய செல்களும் வரும். அவைதான் பாக்டீரியா குடியிருக்கும் செல்கள். கவர்ஸ்லிப் போட்டு லேசாக அழுத்தி எண்ணெய் லென்ஸில் பாருங்கள். செல் முழுக்கச் சின்னச் சின்ன உருண்டைகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். முதல்முறை பார்த்தபோது எனக்கு அடுத்த வேலை ஓடவேயில்லை. கருவுக்குள்ளும் அதே செல்கள் இருப்பதைக் கவனித்துப் படம் எடுத்துவிடுங்கள், தாய்வழிப் பயணத்துக்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

அப்புறம் அரைத்த பூச்சியிலிருந்து டிஎன்ஏவைக் கிட்டால் பிரித்தெடுத்து பிசிஆர், அதாவது டிஎன்ஏவின் ஒரு பகுதியை மட்டும் பெருக்கும் முறை. எந்தப் பாக்டீரியா என்று அடையாளம் காட்டும் 16எஸ் மரபணுவுக்கு 27எஃப், 1492ஆர் என்ற பிரைமர்கள் (பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) போதும், ஜெல்லில் சுமார் 1,500 எழுத்து நீள பேண்ட், அதாவது டிஎன்ஏ கோடு, வரும். அதன் எழுத்து வரிசையைப் படிக்க சீக்வென்ஸுக்கு அனுப்புங்கள். ஆன்டிபயாடிக் கொடுத்து பாக்டீரியாவை நீக்கிப் பார்க்கும் ஆசை வரும். நான்கு மாதத்தில் வேண்டாம். மருந்தே அசுவினியைப் பாதிக்கலாம், எது எதன் விளைவு என்று பிரித்தறிய நேரம் போதாது.

அசுவினி சீசன் தப்பிவிட்டதா? சரி, கொசு இருக்கிறது. கூவம் ஓரத்துச் சாக்கடைகளில் பெருகும் க்யூலெக்ஸ் கொசுவில் வொல்பாக்கியா என்ற, செல்லுக்குள் வாழும் பாக்டீரியா சாதாரணமாகவே இருக்கும். அதை முதன்முதலில் கண்டதும் க்யூலெக்ஸ் கொசுவில்தான், 1924-இல். வொல்பாக்கியாவின் மேற்புறப் புரதத்துக்கான டபிள்யூஎஸ்பி மரபணுவுக்குரிய பிரைமர் போட்டால் 600 எழுத்துகளை ஒட்டி பேண்ட் வரும். வீட்டுக் குடத்திலும் டயரிலும் வளரும், காலில் வெள்ளை வளையமுள்ள ஏடிஸ் எஜிப்டி கொசுவில் இயற்கையாகப் பொதுவாக அது இராது (அதேபோல் வளையமுள்ள ஏடிஸ் அல்போபிக்டஸில் இருக்கும், குழப்பிக்கொள்ளாதீர்கள்). ஒப்பிட அதையும் சேருங்கள்.

எந்தப் பூச்சியானாலும் அரைக்கும் முன் 70% ஆல்கஹாலில் கழுவுங்கள். அது பாக்டீரியாவைக் கொல்லுமே தவிர டிஎன்ஏவை அழிக்காது, எனவே நீர்த்த பிளீச்சிலும் சில நொடிகள் முக்கி, சுத்த நீரில் அலசுங்கள். கடைசியாக அலசிய நீரைக் கொட்டிவிடாதீர்கள், அதையும் ஒரு சாம்பிளாக பிசிஆரில் ஓட்டுங்கள். பூச்சியே போடாமல் கிட்டின் திரவங்களை மட்டும் வைத்து ஒரு ட்யூபும் ஓட்ட வேண்டும். இந்த இரண்டில் ஏதாவது ஒன்றில் பேண்ட் வந்தால், அன்றைய முடிவை எழுதாமல் மறுபடி முதலிலிருந்து தொடங்குங்கள்.